அந்த இரவில் 180க்கு வந்த அழைப்புகள்

ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவில் எங்கே இருந்தீர்கள் என்று என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன் என்பார் ஒருவர். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன் என்பார் இன்னொருவர். என் பதில் சுருக்கமானது: டியூட்டியில் இருந்தேன். திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில், காதில் ஹெட்செட்டோடு. இதைச் சொன்னவுடன் கேட்டவருடைய முகம் மலர்ந்துவிடும். "அப்படியானால் உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். யார் யார் என்னென்ன பேசினார்கள்?" அதை நான் சொல்வதில்லை. அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும்.

டிரங்க் எக்ஸ்சேஞ்ச் என்றால் என்னவென்று இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 180ஐச் சுழற்றி ஆபரேட்டரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர் ஒரு சிறு டிக்கெட்டில் இரு எண்களையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். முறை வரும்போது போர்டில் இணைப்பு ஒயரைச் செருகி இரண்டு முனைகளையும் இணைப்பார். சாதாரண அழைப்பு மணிக்கணக்கில் தூங்கும். அர்ஜண்ட் என்றால் கட்டணம் இரு மடங்கு. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு, எல்லோரையும் தாண்டிக்கொண்டு போகும். பேசினாலும் பேசாவிட்டாலும் மூன்று நிமிடக் கட்டணம் உண்டு. 1991இல் பெரிய ஊர்களுக்கு, ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்துவிட்டது, மஞ்சள் பலகை மாட்டிய பூத்துகளும் முளைத்துவிட்டன. ஆனாலும் சுற்றுவட்டாரச் சிறு ஊர்கள் எங்களை நம்பித்தான் இருந்தன. எஸ்.டி.டி.யில் லைன் கிடைக்காத இரவுகளில் நகரமும் எங்களிடம்தான் திரும்பி வரும்.

மே 21, செவ்வாய்க்கிழமை. முதல் கட்ட வாக்குப்பதிவு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. தமிழகம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தில் கோளாறு ஏற்பட்டு, அதைச் சரிசெய்து, ராஜீவ் காந்தி தாமதமாகத்தான் மீனம்பாக்கம் வந்து இறங்கினார். காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காக வாக்குக் கேட்க ஸ்ரீபெரும்புதூருக்குக் காரில் போனார். குண்டு வெடித்தபோது மணி பத்து இருபது வாக்கில். இவையெல்லாம் பிறகு நாளிதழ்களில் படித்தவை. போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த நேரம் தேர்தல் கால இரவுகளில் ஒன்றாகத்தான் இருந்தது. வேட்பாளர்களின் ஆட்கள் பணத்துக்கும் போஸ்டருக்கும் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார்கள்.

எங்களுக்குச் செய்தி செய்தியாக வரவில்லை. நெரிசலாக வந்தது. மெட்ராஸ் சர்க்யூட்டுகள், அதாவது அந்த ஊருக்குப் போகும் லைன்கள், ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பின. அந்தப் பக்கத்து ஆபரேட்டர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். "திருச்சி, இப்போது கேட்காதே, லைட்னிங் மட்டும் கொடு" என்றார் மெட்ராஸ். ஏன் என்று கேட்டேன். "பெரிய இடத்து விஷயம்" என்றார், வேறு சர்க்யூட்டுக்குப் போய்விட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் பதிவான அழைப்புகள் யாருடையவை, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று பார்த்தாலே போதும். போலீஸ், கலெக்டர் அலுவலகம், கட்சிக்காரர்கள், பத்திரிகை நிருபர்கள். ஒரு வார்த்தை காதில் விழாமலே விஷயத்தின் அளவு தெரிந்துவிட்டது. பெயர் தெரியப் பதினோரு மணி தாண்டியது.

இணைப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஆபரேட்டர் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். துண்டு துண்டாகச் சில காதில் விழும். 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டப்படி அதை வெளியே சொல்வது அன்று குற்றம். பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்துவிடுவார்கள். சட்டத்துக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் மனிதர்கள் பேசியது ஊருக்காகப் பேசியதல்ல, அவ்வளவுதான். ஆகவே இங்கேயும் என்னிடம் நேரடியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

அது ஏராளம். அன்றைக்கு இருபத்து நான்கு மணி நேரச் செய்தி அலைவரிசை ஏதும் நம் வீடுகளில் இல்லை. சன் டிவியே 1993இல்தான் வந்தது. நள்ளிரவில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மக்களுக்கு இருந்த ஒரே மனிதக்குரல் 180தான். "சார், கால் எதுவும் வேண்டாம். அது உண்மையா என்று மட்டும் சொல்லுங்கள்." இப்படி எத்தனை பேர்! உண்மை என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல மனம் வராது. "கால் புக் செய்கிறீர்களா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டோம். அந்தக் கேள்வியின் தொனியிலிருந்தே பலர் பதிலைப் புரிந்துகொண்டார்கள். ஒரு பெண்மணி, "சரிப்பா, உன் குரலே சொல்லிவிட்டது" என்று வைத்துவிட்டார். நான் எதையும் வெளியிடவில்லை என்று சட்டத்தின் முன் சத்தியம் செய்யலாம். அந்த அம்மாளின் முன் செய்ய முடியாது.

ஒரு மணிக்குப் பிறகு அழைப்புகளின் இனம் மாறியது. பதவியில் இருப்பவர்கள் குறைந்து குடும்பங்கள் வந்தன. வைகாசி முகூர்த்த காலம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் கிளம்பிவிட்டார்களா, கிளம்பியிருந்தால் எந்த ஊரில் மாட்டியிருப்பார்கள் என்று ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், பூந்தமல்லியில் ஒரு லாட்ஜுக்கு லைட்னிங் பதிவு செய்தார். "தம்பி, பையன் அங்கே தங்கி வேலை பார்க்கிறான். ராஜீவைப் பார்க்கப் போகிறேன் என்று நேற்றே எழுதியிருந்தான்" என்றார். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு ஆகும் என்று நினைவூட்டினேன். "ஆகட்டும்" என்றார். லைன் கிடைத்தது. அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பையன் திரும்பி வரவில்லையாம். அதையும் அவரேதான் மீண்டும் 180ஐச் சுழற்றி என்னிடம் சொன்னார், யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல.

அழுதோமா என்று என் மகள் ஒரு முறை கேட்டாள். இல்லை. அந்த இரவில் எங்களில் யாருக்கும் துக்கம் வர நேரமில்லை. என் பக்கத்து போர்டில் இருந்தவர் தீவிரக் காங்கிரஸ்காரர். கையெழுத்துகூட மாறாமல் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் டீ குடிக்கப் போனவர் கீழே கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, அந்தக் கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவருடைய துக்கம் அப்படித்தான் வெளிவந்தது. பஸ் ஓடவில்லை, காலை ஷிப்டுக்கு யாரும் வர முடியவில்லை. பல ஊர்களில் தி.மு.க.வினரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்படும் தகவல் வந்துகொண்டிருந்தது. மாற்று ஆள் நடந்தே வந்து சேரும்வரை நாங்களே தொடர்ந்தோம். மாநிலத்தின் வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப்போனதைப் பிறகுதான் அறிந்தோம்.

ஆண்டுதோறும் நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்கப் போகும்போது பழைய ஆட்கள் கூடுவோம். பேச்சு எப்படியோ அந்த இரவுக்கு வந்துவிடும். அன்று டியூட்டியில் இருந்ததாகச் சொல்கிறவர்களை எல்லாம் உட்கார வைக்க எங்களிடம் அத்தனை நாற்காலிகள் இருந்ததில்லை. முதல் லைட்னிங்கைத் தானே இணைத்ததாக ஒருவர் சத்தியம் செய்கிறார். அவர் அப்போது வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர். சில ஆண்டுகள் கழித்து அதே மாணவர்களிடம் மீண்டும் கேட்டார். பலருடைய விவரங்கள் முற்றிலும் மாறியிருந்தன. ஆனாலும் அவர்களில் பலர் உறுதியாகச் சொன்னார்கள். எங்கள் ஆள் வேறு ஊரில் யாரோ சொல்லக் கேட்டிருப்பார். கேட்டதைக் காலப்போக்கில் கையால் செய்ததாக ஆக்கிக்கொண்டார். இவ்வளவு பெரிய இரவில் தனக்கு ஒரு நாற்காலியாவது வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தப்பு?

தீர்த்துவைக்க ஆவணமும் இல்லை. நேரத்தோடு எழுதிய டிக்கெட்டுகள் பில் போடப் போய்விடும், கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு டிக்கெட்டை நான் மறுபடி பார்த்தேன். பில் வந்ததும் மளிகைக் கடைப் பெரியவர் நேரில் வந்திருந்தார். அரை நிமிடம் பேசியதற்கு மூன்று நிமிடத்துக்கு எட்டு மடங்கா என்பது அவர் புகார். டிக்கெட்டைத் தேடி எடுத்துக் காட்டி விதியைச் சொன்னோம். பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தானாம், மூன்றாம் நாள் லாரி பிடித்து வந்து சேர்ந்தானாம். "சாப்பாடில்லாமல் பாதியாக வந்தான் தம்பி" என்றார். பிறகு, தொகையை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்டார்.