சந்தைல கெடந்த மஞ்சப்பை

போன மாசம் ஒரு செவ்வாக்கெழம, மேலப்பாளையத்துல ஆட்டுச் சந்தை நாளு. சந்தைக்குப் பக்கத்துல ஒரு பெயிண்ட் கடைல நான் கணக்கு பாக்கேன். கடை தொறக்க முன்னாடி எப்பவும் போல டீக்கடைல உக்காந்தா, பெஞ்சுக்கு அடில ஒரு மஞ்சப்பை சுருட்டிக் கெடக்கு. மாஸ்டர்ட்ட கேட்டேன், "சந்தை அன்னைக்கு எத்தன பேரு வாராவ அண்ணாச்சி, யாருன்னு சொல்ல"ன்னாரு. அரை மணி நேரம் அங்கனயே நின்னேன், யாரும் திரும்பி வரல. நான் பையத் தொறக்கும்போதே எட்டிப் பாத்த ஒருத்தர் "பேசாம கொண்டு போவே, நீ விட்டா இன்னொருத்தன் எடுக்கப் போறான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

கடை குடோன்ல போய் எண்ணினேன். 500 ரூவா நோட்டு 60, 200 ரூவா நோட்டு 7, ஒரு 100. மொத்தம் 31,500. எண்ணுறவரைக்கும் அது யாரோ ஒருத்தரு தொலைச்ச பை, அவ்ளோதான். எண்ணி முடிச்சதும் மனசு என்னையக் கேக்காமலே கணக்குப் போட ஆரம்பிச்சிட்டு, மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் 12,000 வெள்ளிக்கெழமைக்குள்ள கெட்டணும், நகைக் கடனுக்கு வட்டி நிக்கி, மீதிய வச்சு அதுன்னு ஓடுது. இத மறைக்காம எழுதுதேன், ஏன்னா இதே மாதிரி பை கையில கெடைக்கிற ஆளுக்கு இந்த நேரம் கண்டிப்பா வரும், அப்போ நாம மட்டும்தான் கெட்டவன்னு நெனச்சு பயந்துரக் கூடாது.

பைக்குள்ள பணம் மட்டும் இல்ல. வெத்தலை பாக்கு, தேவர்குளத்துல ஏறுன பஸ் டிக்கெட்டு, அப்புறம் ஒரு ஆட்டு மணி. ஆட்ட விக்கும்போது கழுத்துல இருந்து அவுத்து வச்சிருக்காரு. எங்க ஆச்சி ஆடு வளத்துதான் எங்க அப்பாவப் படிக்க வச்சா, அந்த மணியக் கையில எடுத்ததும் கணக்கு நின்னு போச்சு.

ஆனா குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டா மட்டும் பத்தல, யாருகிட்ட எப்படிக் குடுக்கன்னு தெரியணும்லா. அன்னைக்கு ராத்திரி அம்மா "பேசாம உண்டியல்ல போட்டுரு, பாவம் ஒட்டாது"ன்னா. நம்ம ஊர்ல நெறைய பேரு செய்யுதது இதுதான். எனக்கு மனசு ஒப்பல, அடுத்தவன் காச எடுத்து நம்ம புண்ணியத்துக்குச் செலவழிக்க மாதிரிதான அது. திருப்போரூர் கோயில் உண்டியல்ல ஒருத்தரு ஐபோன் தவறி விழுந்து, உண்டியல்ல விழுந்தது சாமிக்குத்தான்னு சொன்னது 2024 கடைசில எல்லா நியூஸ்லயும் ஓடுச்சே, அப்படித்தான், அங்க போட்டா அந்த ஆட்டுக்காரருக்கு பணம் வந்து சேரவே சேராது. கடைல என்கூட வேலை பாக்க பாய் சொன்னாரு, அவங்க மார்க்கத்துல கண்டெடுத்த பொருள ஒரு வருசம் அறிவிக்கணுமாம், பையோட அடையாளத்த நல்லா மனசுல வச்சுக்கணுமாம், கேட்டு வாறவன் அத சரியா சொல்லணுமாம். அந்த அடையாள விசயம் எனக்கு ரொம்ப உதவுச்சு.

ஏன்னா சொந்தக்காரப் பையன் ஒருத்தன் நோட்டெல்லாம் விரிச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவோம்னு நின்னான். நான் விடல. "சந்தை பக்கம் ஒரு பை கெடச்சிருக்கு, தொலைச்சவங்க கூப்பிடுங்க"ன்னு மட்டும் போடச் சொன்னேன். நாலு பேரு கூப்பிட்டாங்க, ஒருத்தரு 50,000ங்காரு, ஒருத்தரு கருப்பு லெதர் பைங்காரு. தொகையச் சொல்லியிருந்தா நாலு பேருமே சரியா சொல்லியிருப்பாங்க.

புதன்கெழம காலைல ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன்னு வேண்டாம். போன ஒடனே "இவ்ளோதான் இருந்துச்சா, மிச்சம் எங்க, நேத்தே ஏன் வரல"ன்னு கேட்டப்போ மொகமெல்லாம் சுட்டுப் போச்சு. ஆனா ராத்திரி முழுக்க வீட்ல வச்சிருந்தது என் தப்புதான், தனியா எண்ணினதும் தப்பு, ரெண்டு பேர சாட்சிக்கு வச்சு எண்ணியிருக்கணும். வெள்ளப் பேப்பர்ல மனு எழுதினேன், தேதி, நேரம், எடம், எந்த நோட்டு எத்தன, பைல வேற என்னென்ன எல்லாம். மனு வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல குடுக்க சிஎஸ்ஆர் ரசீது கேட்டதுக்கு "எதுக்கு"ன்னாங்க. அது இல்லாம வர மாட்டேன்னு நின்னு வாங்கிட்டுத்தான் வந்தேன். மனுவோட ஜெராக்ஸும் ஒண்ணு வச்சுக்கிட்டேன்.

பாளையங்கோட்டை கோர்ட்ல இருக்க வக்கீல் ஃபிரெண்டு பொறவு சொன்னான், அடுத்தவன் பொருள நாமளே வச்சுக்கிடுத குத்தத்துக்கு முன்னாடி ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 403, இப்ப 2024 ஜூலை 1-லருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 314ன்னு. ரோட்டுல கெடக்க ஒத்த ரூவாய, யாருதுன்னே தெரியாம எடுத்தா குத்தமில்லன்னு சட்டத்துலயே உதாரணம் இருக்காம். ஆனா யாருதுன்னு கண்டுபுடிக்க வழி இருந்தும் தேடாம எடுத்துக்கிட்டா குத்தம், ஆறு மாசத்துக்குக் கொறையாம ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். எனக்கு டிக்கெட்டும் மணியும் இருந்துச்சே, அதுதான் வழி.

ஸ்டேஷன்லருந்து நேரா டீக்கடைக்குப் போனேன். அங்க கேட்டதுதான் இன்னும் மனச அறுக்கு. செவ்வாக்கெழம மத்தியானமே ஒரு பெரியவரு வந்து பெஞ்சுக்கு அடில எல்லாம் தடவிப் பாத்துட்டு, அழுதுட்டே போனாராம். அப்போ வேற மாஸ்டர், அவருக்கு ஒண்ணும் தெரியாது. காலைலயே என் நம்பர ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கல்லாவுல குடுத்திருந்தா அந்த மனுசன் அன்னைக்கு ராத்திரி தூங்கியிருப்பாரு. தயவுசெஞ்சு யாருக்காவது எதாவது கெடச்சா மொதல்ல இதச் செய்யுங்க.

பொறவு சந்தைத் தரகர் ரெண்டு பேர்ட்ட மணியப் பத்தி சொல்லாம, தேவர்குளம் பக்கமிருந்து வயசானவரு யாரும் வந்தாவளான்னு விசாரிச்சேன். ஒருத்தருக்கு ஆளத் தெரிஞ்சிருந்துச்சு. வியாழக்கெழம பெரியவரு மகனக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாரு. பைல என்ன இருந்துச்சுன்னு ஏட்டு கேட்டதுக்கு, பணத்தச் சொல்லல, "செவலைக் கெடா மணி இருக்கும்யா"ன்னுதான் மொதல்ல சொன்னாரு.

கையெழுத்தெல்லாம் முடிஞ்சதும் 500 ரூவாய எடுத்து என் கையில திணிச்சாரு, நான் வாங்கல. ஃபீஸுக்கு மொதலாளிட்ட அட்வான்ஸ் கேட்டிருந்தேன், திங்கக்கெழமதான் கெட்ட முடிஞ்சிது. "பணத்த எண்ணிப் பாத்துக்கோங்க ஐயா"ன்னேன். கண்ணு சரியாத் தெரியாது, நீயே எண்ணு மக்கான்னாரு. ஸ்டேஷன் வாசல் படில உக்காந்து மறுபடியும் அதே நோட்டுகள எண்ணினேன், இந்தத் தடவ சத்தமா. ஒண்ணுன்னு ஆரம்பிச்சேன், அவரு என் கையப் புடிச்சு நிறுத்தி "லாபம்னு சொல்லு"ன்னாரு. லாபம், ரெண்டு, மூணுன்னு கடைசி நோட்டு வரைக்கும் எண்ணிக் குடுத்தேன்.