பன்னிரண்டில் ஒரு பங்கு

படகு வாங்கியிருக்கிறோம் என்று அப்பாவிடம் போனில் சொன்னபோது, முழுப் படகு இல்லை, பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். "அட, நம்ம கெணத்துப் பங்கு மாதிரி" என்றார். கோபி பக்கத்தில் எங்கள் கிணறு நாலு பங்காளிகளுக்குப் பொது. முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவோம். அடுத்த கேள்வியும் கிணற்றிலிருந்தே வந்தது: "கரண்டு பில் யாரு கட்டறது?"

நியாயமான கேள்விதான். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகைத் தனியாக வாங்கினால், வருஷத்தில் முக்கால்வாசி நாள் கட்டிய இடத்திலேயே கிடக்கும். அதனால் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு புதுப்படகு வாங்கினோம். ஆளுக்கு வருஷம் 4 வாரம், மீதி 4 வாரம் பராமரிப்புக்கு. டீசல் ஓட்டியவர் கணக்கு. இன்சூரன்ஸ், லைசென்ஸ், நிறுத்துமிட வாடகை எல்லாம் பன்னிரண்டாகப் பிரியும். முறை தொடங்குமுன் ஆளுக்கொரு வார இறுதி வெள்ளோட்டம் என்று பேசி, எங்களுக்கு இரண்டாவது விழுந்தது. முதலில் போனவர்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதுதான் வயிற்றைக் கலக்கியது.

படகு நின்றது நார்தாம்ப்டன்ஷயரின் பிரான்ஸ்டனில். கிராண்ட் யூனியன் கால்வாயும் ஆக்ஸ்போர்டு கால்வாயும் சந்திக்கும் ஊர். படகு 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் 18ஆம் நூற்றாண்டில் தன் கால்வாய்களில் லாக்குகளை, அதாவது படகை மேலே ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளை, ஏழடி அகலத்துக்குக் கட்டியதால், இன்றைக்கும் நேரோபோட்டுகள் அந்த அளவைத் தாண்ட முடியாது. உள்ளே எதிரே ஒருவர் வந்தால், ரயிலில் காபிக்காரருக்கு வழிவிடுவதுபோல ஒருக்களித்து நிற்க வேண்டும்.

சனி காலை கிளம்பினோம். பின்னால் நின்று சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். தெரிந்த விஷயம்தான், ஆனால் பதறும்போது கை அதைக் கேட்பதில்லை. "என்னங்க, கரை! கரை!" என்று முன்னாலிருந்து மனைவி கத்தியது படகுத்துறை முழுக்கக் கேட்டிருக்கும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். நாயோடு நடந்துபோன ஒரு பாட்டி எங்களை முந்திப் போனார்.

பிரான்ஸ்டனில் ஆறு லாக், மொத்தம் முப்பத்தைந்து அடி ஏற்றம். இவை அகலமானவை, இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம்; சேர்ந்து ஏறினால் தண்ணீர் மிச்சம். பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். கீழ்க்கதவைச் சாத்திவிட்டு, மேல்பக்க மதகைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் திறக்க வேண்டும். தண்ணீர் குமுறிக்கொண்டு வரும், படகு மெல்ல எழும்பும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்வரை கதவு அசையாது. சமமானதும், அந்தப் பெரிய மரத்தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் திறந்துகொள்ளும். ஏரி மதகு பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, நாலாவது லாக்கில் கைப்பிடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. அந்தப் பெரியவர் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றை எடுத்துவந்து நெடுநேரம் துழாவினார். பழைய ஆணி ஒன்று வந்தது. அப்புறம்தான் கேட்டார், கைப்பிடி இரும்பா என்று. கனம் குறைவாக இருக்கட்டும் என்று குழுவில் எல்லோரும் ஓட்டுப்போட்டு வாங்கிய அலுமினியம் அது. நல்லவேளை, பெட்டியில் இன்னொன்று இருந்தது.

மேலே ஏறியதும் சுரங்கம். 2,042 கெஜம் நீளம், திறந்தது 1796இல். தோண்டும்போது நேர்ந்த கோளாறில் நடுவே ஒரு நெளிவு விழுந்துவிட்டது. உள்ளே நடைபாதை கிடையாது. அந்தக் காலத்தில் குதிரையை மலைமேல் நடத்திக் கூட்டிப்போக, படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்தினார்களாம். எங்களிடம் எஞ்சின் இருந்தது, விளக்கு இருந்தது, தைரியம்தான் இல்லை. காற்றுத்துளை ஒன்றிலிருந்து பின்கழுத்தில் சில்லென்று தண்ணீர் கொட்டிய அதே நேரத்தில் எதிரே ஒரு விளக்கு. கால்வாயில் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினேன், கொஞ்சம் அதிகமாகவே. கூரையோரம் செங்கலில் உரசிய அந்தச் சத்தம் இன்னும் பல்லில் கூசுகிறது.

நார்ட்டன் கால்வாய்ச் சந்திப்பில் படகைத் திருப்பி, இரவு அங்கேயே கட்டிப்போட்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டோம். தூரத்தில் ரயில் போகும் சத்தம். கிளம்பிய இடத்திலிருந்து நாலு மைல்தான் வந்திருந்தோம். காரில் பத்து நிமிஷம் ஆகாது.

ஞாயிறு மதியம் திரும்பி, டீசல் நிரப்பி, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, பதிவேட்டை எடுத்தேன். 'வலப்பக்கக் கூரைக் கைப்பிடி, முன்பகுதி, ஒரு முழம் கீறல். சுரங்கத்தில். பெயிண்ட் செலவு என்னுடையது.' பன்னிரண்டு பேர் படகில் முதல் கீறல் என் பெயரில். தோளுக்கு மேலாக மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த இரும்பு விழுந்ததை எழுதலையே?"

"இரும்பு இல்லம்மா, அலுமினியம்" என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினேன்.