அங்க பொட்டை கீதா சார்?

கூண்டின் முன்கதவை இறக்கிக் கொக்கியை மாட்டிவிட்டு, கையில் மிச்சமிருந்த அகத்திக் கொத்தை உதறிக்கொண்டே கீப்பர் அண்ணன் கேட்டார்: "அவன் போற எடத்துல பொட்டை கீதா சார்?"

"இருக்கு" என்றேன்.

ஆறு வருடமாகிறது. அந்த உயிரியல் பூங்கா வேலையையே விட்டுவிட்டேன். இப்போது காட்பாடியில், மானுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த 'இருக்கு' அவ்வப்போது வந்து தொண்டையில் நிற்கிறது.

பொட்டை இருந்தது என்னவோ உண்மை. அவன் நாங்கள் அனுப்பிய ஆண் வெளிமான்; அவன் போன பூங்காவில் இருபதுக்கு மேல் பெண் வெளிமான்கள் இருந்தன. அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று ஒரு வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் ஊர்க்கணக்கு கேட்கவில்லை. இவனுக்கு இருக்கிறதா என்று கேட்டார். அங்கிருந்து வந்த கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. 'எங்களிடம் ஆண்கள் போதிய அளவில் இருக்கின்றன. பரிமாற்றத்தின் பொருட்டு இந்த ஒன்றை ஏற்று, ஆண்களுக்கான தனிக் கொட்டிலில் வைப்போம்' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கோப்பில் சேர்த்தேன்.

என்னைக் குடைவது இன்னொன்று. அவர் முன்னாடியே கேட்டிருந்தால் எனக்குப் புரியும். வேலை நடக்க வேண்டும், சொல்லிவிட்டேன் என்று விட்டுவிடலாம். அவர் கேட்டது கதவு இறங்கிய பிறகு. லாரி தயார். நான் 'இல்லை' என்று சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. ஒரு பைசா பிரயோஜனமில்லாத இடத்தில் ஏன் அப்படிச் சொன்னேன்?

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் மந்தையை மூன்று எண்ணால் எழுதுவோம். முதல் எண் ஆண், அடுத்தது பெண், மூன்றாவது இன்னும் ஆணா பெண்ணா என்று தெரியாத குட்டிகள். அந்த டிசம்பரில் எங்கள் இருப்பு 4.11.2. வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்கு நிறைவான மந்தை. ஆனால் நாலு ஆணில் பொலிக்கு நின்றது ஒன்றுதான், ஏழு வருடமாக அதே ஒன்று. மற்ற மூன்றும் அதன் பிள்ளைகள். பதினோரு பெண்ணில் எட்டு அதன் மகள்கள். ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டு எண்ணிக்கையின் கூட்டுத்தொகையால் வகுத்தால், மரபணுக் கணக்கில் இந்த மந்தை எத்தனை தலைக்குச் சமம் என்று ஒரு விடை வரும். ஒன்றும் பதினொன்றும் போட்டால் 3.7. பன்னிரண்டு உருப்படி நின்று மேய்கிறது, கணக்கில் நாலு தலைகூட இல்லை. அந்த நிலையில் ஒரு தலைமுறை போனால் மந்தையிடம் இருக்கிற மரபு வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்கு கரைந்துவிடும். நூறு வருடம் கழித்தும் 90 சதவீதம் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வைத்துக்கொள்கிற இலக்கு. நாங்கள் ஒரே தலைமுறையில் அதற்குக் கீழே இறங்கிவிடுவோம்.

இதைக் காகிதக் கணக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 1979இல் வாஷிங்டன் பூங்காவைச் சேர்ந்த கேத்தரின் ரால்ஸும் உடனிருந்தவர்களும் பூங்காக்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, குளம்புள்ள விலங்குகளில் 16 வகையை எடுத்துப் பார்த்தார்கள். 15 வகையில், சொந்தத்துக்குள் பிறந்த குட்டிகள்தான் அதிகம் செத்திருந்தன. எங்களிடமும் அந்த டிசம்பருக்கு முந்தின வருடம் எட்டுக் குட்டியில் நாலு போனது. அதற்கும் முன்னால் ஒரு வெள்ளைக்குட்டி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதன் முன்னாலேயே நின்றது. எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அம்மா அப்பா இரண்டு பக்கமும் ஒளிந்திருந்த ஒன்று சந்தித்தால்தான் அப்படி வெளுக்கும்.

ஆக, வெளியிலிருந்து ஒரு ஆண் வர வேண்டும். வெளிமான், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு உருப்படி நகராது. எழுதி, காத்திருந்து, கையெழுத்து வாங்கி, ஒன்று வாங்க ஒன்று கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கொடுப்பதற்கு யார் என்பதை நான்தான் எழுதினேன். கோணையன்.

அது அண்ணன் வைத்த பேர். என் பதிவேட்டில் வெறும் 17. பிறந்த பத்தாம் நாள் தாய் செத்துப்போக, அண்ணன் ஆட்டுப்பால் புட்டியில் வளர்த்தார். கொம்பு முளைக்கிற வயதில் வேலியில் மோதி இடது கொம்பு சாய்ந்துவிட்டது. புள்ளிமானாக இருந்திருந்தால் அடுத்த வருடம் கொம்பு விழுந்து புதிதாக முளைத்திருக்கும். நம் தமிழில் இரண்டையும் மான் என்றுதான் சொல்கிறோம், ஆனால் வெளிமானுக்குக் கொம்பு விழுவதே இல்லை. எலும்பின் மேல் உறை போட்ட கொம்பு, ஆட்டுக்கு இருப்பதுபோல. கோணல் கோணலாகவே முறுக்கிக்கொண்டு வளர்ந்தது.

ஏன் அவன்? மூன்று காரணம் எழுதினேன். கையில் வளர்ந்த ஆண் மனிதனைத் தன் இனம் என்று நினைத்துக்கொள்ளும். சின்னதில் செல்லம், வயது வந்தபின் சண்டைக்கு வரும். அதற்கு நாம்தான் எதிரிக் கிடா. ஏற்கெனவே ஒரு முறை அண்ணனின் தொடையைக் கிழித்திருந்தான், அவர் அதை ரிப்போர்ட்டில் எழுத விடவில்லை. இரண்டாவது, அவன் அண்ணன் தம்பி இருவரைவிட மந்தையோடு அவன் சொந்தம் கூடுதல்; அவன் தாயும் அந்தப் பழைய கிடாவின் மகள்தான்.

மூன்றாவது காரணத்தைத்தான் இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை. அவனைப் பிடிக்க வேண்டியதில்லை. முந்தின வருடம் ஒரு பெண்ணை வலை கட்டி ஓட்டிப் பிடித்தோம். பிடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனது. மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. மிரண்டு ஓடியதில் தசை தானே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். கேப்ச்சர் மயோபதி என்பார்கள். வந்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை, வராமல் பார்த்துக்கொள்வதுதான். ஓட்டுவதற்கு அன்று கையசைத்தவன் நான். அதனால் கோணையன் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் முன்னால் போனால் அவன் பின்னால் வருவான்.

அப்படியேதான் வந்தான். மார்கழி மாதம், இருட்டுகிற நேரம். கொம்பு நுனியில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டியிருந்தோம். கூண்டு இரண்டு பக்கமும் கதவு உள்ளது. நிற்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாத அகலம். அண்ணன் அகத்திக் கட்டோடு பின்கதவால் நுழைந்து முன்கதவால் வெளியே வந்தார். அவன் முழுதாக உள்ளே வந்ததும் நான் பின்கதவை விட்டேன், அவர் முன்கதவை இறக்கினார். ஒரு சத்தமில்லை, ஒரு உதை இல்லை. இத்தனை சுத்தமாக ஒரு லோடிங் நான் பார்த்ததில்லை. பாராட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

ஒரு வாரம் முன்னால் 3.7 கணக்கை அவருக்கு விளக்கியிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது இன்னா சார் பெரிய விசயம்? எங்க பாட்டி ஒரு கெடாவ ரெண்டு ஈத்துக்கு மேல வெச்சுக்காது. அதும் பொண்ணுங்களுக்கே அது வந்துடும்னு பொய்கை சந்தைக்கு ஓட்டிக்கினு போயிடும். வித்துட்டு வேற புடிச்சிக்கினு வரும்." எழுதப்படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அணைக்கட்டுப் பக்கம் செய்துகொண்டிருந்ததற்கு நான் ஒரு சூத்திரம் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அறிவியலும் அனுபவமும் ஒத்துப்போகிறது என்று.

பொய்கையில் விற்ற கிடா எங்கே போகும் என்பதை அன்று யோசிக்கவில்லை. செவ்வாய்ச் சந்தையில் கிடா வாங்க இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். வேறு ஊரில் மந்தை வைத்திருப்பவன் ஒருவன், கறிக்கடைக்காரன் ஒருவன். பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனும் முதுகைப் பிடித்துப் பார்க்கிறவனும். விற்பவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். 'பொட்டை கீதா' என்றால் அந்த மொழியில், மந்தைக்கா கத்திக்கா என்று அர்த்தம். இது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. அப்படிப் பார்த்தால் என் 'இருக்கு' சரியான பதில்தான்: கத்திக்கு இல்லை அண்ணா, பயப்படாதீங்க. இந்த இடத்தில் சில நாள் நிம்மதியாக இருந்தேன்.

நிம்மதி நிலைக்கவில்லை. பாட்டியின் சந்தையில் இல்லாத மூன்றாவது ஒன்று எங்களிடம் இருக்கிறது. கொல்லவும் மாட்டோம், மந்தையில் விடவும் மாட்டோம். நாலு சுவர், நல்ல தீவனம், வருடத்துக்கொரு தடுப்பூசி, அவ்வளவு. வெளிமானில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதியாகத்தான் பிறக்கும். பத்துப் பெண்ணுக்கு ஒரு ஆண் போதும் என்கிற எங்கள் ஏற்பாட்டில் மிச்சம் ஆண்கள் எப்போதும் இருப்பார்கள். காட்டிலும் தனி ஆண் கூட்டம் உண்டு, அது இயற்கைதான் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காட்டில் அவனுக்கு நாளைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதைச் சொன்னதில்லை. கோணையனை அந்தக் கொட்டிலில்கூட வைக்க முடியவில்லை. மற்ற ஆண்களை அவன் மான் என்றே மதிக்கவில்லை போலிருக்கிறது, தீவனம் போட வருகிற ஆளைத்தான் முட்டினானாம். தனியாகப் பிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. நானாக இருந்தாலும் பிரித்திருப்பேன். மூன்றாவது வருடம் அவர்களுடைய ஆண்டு இருப்புப் பட்டியலில் இறப்பு என்ற கட்டத்தில் 1.0.0 என்று பார்த்தேன். போன் போட்டுக் கேட்டேன். அவன்தான்.

எதிர்த்தட்டில் வைப்பதற்கும் இருக்கிறது. அங்கிருந்து வந்த கிடா இங்கே நன்றாக ஒட்டிக்கொண்டான். முதல் ஈற்றில் ஏழு குட்டி, ஆறு பிழைத்தது. அதே வருடம் நாய் நுழையாமல் வேலி அடியைக் கட்டினோம், தீவனமும் மாற்றினோம். எது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தும் மீட்டிங்கில் கிடாவைத்தான் சொன்னேன்.

அரேபிய ஓரிக்ஸ் கதையை எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அமெரிக்காவின் பீனிக்ஸ் பூங்காவில் 1963 முதல் சேர்த்த ஒன்பது உருப்படியில் தொடங்கிய மந்தை. 1972இல் காட்டில் கடைசி ஓரிக்ஸும் போய்விட்டது. 1982இல் அந்த மந்தையின் வாரிசுகள் ஓமன் பாலைவனத்தில் திரும்ப இறங்கின. சகாரா ஓரத்தில் இன்னொரு ஓரிக்ஸ், வாள்போல் வளைந்த கொம்பு உள்ளது, காட்டில் இல்லாமலே போய், பூங்கா மந்தைகளிலிருந்து 2016இல் சாட் நாட்டுக்குத் திரும்பியது. இந்தக் கதைகள் நிஜம், கதவு திறக்கிற படத்தைப் பார்த்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. ஆனால் அந்த நடு வருடங்களில் எத்தனை ஆண்கள் எத்தனை கொட்டிலில் நின்றிருக்கும் என்ற யோசனை கூடவே வந்துவிடுகிறது. அதற்காக அந்த மந்தையே வேண்டாம் என்பேனா? சொல்ல மாட்டேன். நாளைக்கு யாராவது திரும்பக் கூப்பிட்டு அதே 4.11.2ஐ முன்னால் வைத்தால், 17 என்றுதான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். மூன்றாவது காரணத்தை மட்டும் எழுதாமல் விடுவேனோ என்னவோ. அது இன்னும் மோசம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமனாருக்கு ஒரு கறவை பார்க்கப் பொய்கைக்குப் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் அண்ணன். ரிட்டயராகி ரெண்டு வருடமாகிறது, ஆடு வைத்திருக்கிறார். கையில் கயிறு, கயிற்றில் ஒன்றுமில்லை, விற்றுவிட்டார் போல. என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்காரவைக்கப் படாத பாடு பட்டேன். மழை, பாலாறு, பிள்ளைக்கு ராணிப்பேட்டையில் வேலை என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர் போக்கில் கேட்டார்.

"கோணையன் எப்டி கீறான் சார்?"

"நல்லா இருக்கான் அண்ணா."

"குட்டி கிட்டி?"

"நாலு" என்றேன். ஏன் நாலு என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இரண்டு டீ சொன்னார், எனக்குச் சர்க்கரை குறைவாக என்று இத்தனை வருடம் கழித்தும் ஞாபகமாகச் சொன்னார். அப்புறம் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நாலும் கெடாவா சார், பொட்டையா?"