ரெண்டடிக்குள் நிற்காத ஓவன்

புது கிச்சனில் பில்ட்-இன் ஓவன், அதாவது கேபினெட்டுக்குள் பொருத்தும் ஓவன், மாட்டும் நாளில் ஆசாரி, எலக்ட்ரீஷியன், கம்பெனி ஆள், வீட்டுக்காரர் என்று நான்கு பேர் நிற்பார்கள். மூன்று பேர் "நம்ம வேலை கரெக்ட்டுங்க" என்பார்கள். நாலாமவர் பணம் கட்டியவர். இன்ஸ்டலேஷன் தாள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

வினையே அந்த "ரெண்டடி"தான். ப்ளைவுட் ஷீட் 8-க்கு 4 அடி. நடுவில் அறுத்தால் துண்டு வீணாகாமல் ரெண்டடி வரும். அதனால் ஆசாரி கைக்கு எல்லாமே ரெண்டடி. 60 செ.மீ. ஓவனுக்கோ கேபினெட்டின் உள் அகலம் 560 முதல் 568 மில்லிக்குள், உயரம் 600 மில்லி வேண்டும். "மில்லி"க்கு அவர் முகம் சுளித்தால் நூல் கணக்கில் (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல்) சொல்லுங்கள்: அகலம் 22 இன்ச் 2 நூல், உயரம் 23 இன்ச் 5 நூல். பென்சில் உடனே காதிலிருந்து இறங்கும்.

கேபினெட்டின் வெளி அளவு ரெண்டடி என்றால் பிழைத்தீர்கள். 18 மில்லி ப்ளை இரு பக்கமும் போக உள்ளே 574 மில்லி; பக்கத்துக்கு ஒரு 4 மில்லி ப்ளை ஒட்டினால் 566. உள் அளவே ரெண்டடியாக விட்டிருந்தால் 610. ஓவனின் முகப்பு 595 மில்லிதான். இரண்டு பக்கமும் ஏழரை மில்லி சந்து, பிடிக்க வேண்டிய ஸ்குரூ அந்தரத்தில். "சிலிக்கான் அடிச்சு மூடிடலாம் சார்" என்பார்கள். விடாதீர்கள். கதவைத் திறந்து கனமான ட்ரேயை வெளியே இழுக்கும்போது ஓவனே முன்னால் சாயாமல் பிடித்திருப்பது அந்த ஸ்குரூதான். 18-ம் 4-ம் சேர்த்த 22 மில்லி பட்டையை இரு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்குரூ போடுமுன் சின்ன ட்ரில் பிட்டால் ஓட்டை போடாவிட்டால் ப்ளை விளிம்பு பிளந்துகொள்ளும்.

அடுத்து எலக்ட்ரீஷியன். சாக்கெட்டை ஓவனுக்கு நேர் பின்னால், அழகாக நட்ட நடுவில் வைத்திருப்பார். 16 ஆம்ப் பிளக்கைச் சொருகினால் ஓவன் முக்கால் இன்ச் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கம்பெனி ஆள் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார், நசுங்குவது ஒயர். சாக்கெட்டுக்கு இடம் பக்கத்து கேபினெட். 3000 வாட் ஓவன் 13 ஆம்ப் இழுக்கும், மிக்ஸியின் 6 ஆம்ப் பாயின்ட் தாங்காது. 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் தனி லைன் வேண்டும்.

பின் பலகையை வெட்டச் சொன்னால் ஆசாரிக்கு மனசே வராது, மைக்கா ஒட்டி மினுக்கி வைத்திருப்பார். வெட்டத்தான் வேண்டும். ஓவன் உட்காரும் தட்டிலும் பின்பக்கம் 2 இன்ச் விட வேண்டும். சூடு போக வழியில்லாவிட்டால் பக்கத்துக் கதவின் மைக்கா கொப்பளிக்கும்.

தூக்குமுன் உள்ளே இருக்கும் ட்ரே, கம்பி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கதவு கோணும். தட்டில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையேல் கேக் ஒரு பக்கம் சரிந்தே வேகும்.

முதல் நாள் இரவு எப்படியும் ஒரு போன் வரும்: "ஆஃப் பண்ணியும் உள்ள என்னமோ ஓடுதுங்க!" அது கூலிங் ஃபேன். சூடு தணிந்ததும் தானே நிற்கும், மெயினை அணைக்க வேண்டாம்.