காசநோய்ப் பதிவேட்டிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை வரை

மாவட்டக் காசநோய் மையங்களில் ஒரு பெரிய பதிவேடு இருக்கும். விரித்தால் பாதி மேசையை அடைத்துக்கொள்ளும். நோயாளிக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், முகவரி, வயது, நோய் நுரையீரலிலா வேறு உறுப்பிலா, புதியவரா முன்பே சிகிச்சை எடுத்தவரா, தொடக்கத்திலும் 2, 5, 6ஆம் மாதங்களிலும் எடுத்த சளிப் பரிசோதனையின் முடிவு, எச்ஐவி முடிவு, சிகிச்சை எப்படி முடிந்தது என்ற கடைசிப் பத்தி. 1970களின் பிற்பகுதியில் தான்சானியாவில் காசநோய் வல்லுநர் காரெல் ஸ்டிப்லோ வகுத்த முறையிலிருந்து வந்தது இது. ஒரு காலாண்டில் சேர்ந்த எல்லோரையும் ஒரே குழுவாக வைத்து, ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று எண்ணுவது அதன் அடிப்படை. மலாவி முதல் நேபாளம் வரை ஏறக்குறைய இதே பத்திகள்தான். இந்தியாவில் 2012இல் அரசின் கணினிப் பதிவுத் தளமான நிக்‌ஷய் வந்தபின் பதிவு கணினிக்கு மாறத் தொடங்கியது. பல நாடுகளில் இன்றும் காகிதம்தான்.

இந்தப் பதிவேட்டை எழுதுகிறவர் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டிப் போட்டு மேலே அனுப்பிவிடுகிறார். எண்கள் தலைநகருக்குப் போகின்றன, அங்கிருந்து ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்துக்கும் போகின்றன. எழுதியவரிடம் திரும்பி வருவதில்லை. ‘போன வருஷம் நம் மாவட்டத்தில் ஏன் இத்தனை பேர் இறந்தார்கள்?’ என்று அவர் கேட்கவும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஏழை நாடுகளில் சுகாதார ஆராய்ச்சித் திறனை வளர்ப்பது என்று பேசும்போது நாங்கள் முதலில் நினைப்பது இந்த ஊழியரைத்தான்.

வளரும் நாடுகளின் சுகாதார ஆராய்ச்சி குறித்து ஆராய்ந்த பன்னாட்டு ஆணையம் ஒன்று 1990இல் அறிக்கை தந்தது. உலகின் நோய்ச்சுமையில் மிகப் பெரும்பங்கு வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சிப் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றின் சிக்கல்களுக்குப் போவதில்லை என்று அது காட்டியது. ஒவ்வொரு நாடும் தன் சுகாதாரச் செலவில் குறைந்தது 2 சதவீதத்தையும், நன்கொடை நாடுகள் சுகாதாரத் திட்ட உதவியில் 5 சதவீதத்தையும் ஆராய்ச்சிக்கும் அதற்கான திறன் வளர்ப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டது. கென்யாவின் கிலிஃபி, தான்சானியாவின் இஃபகாரா, 1966 முதல் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிந்துவரும் வங்கதேசத்தின் மத்லப் போன்ற ஆராய்ச்சி மையங்கள் இன்று உலகத் தரத்தில் நிற்கின்றன. அவை வேண்டும். ஆனால் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு மருத்துவமனையில் பதிவேடு அப்படியேதான் கிடக்கிறது.

பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரையே ஆராய்ச்சியாளராக்கும் முயற்சிகளில் சார்ட் இட் (SORT IT) என்ற பயிற்சியை முக்கியமாகச் சொல்ல வேண்டும். காசநோய்க்கு எதிரான பன்னாட்டு ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009இல் தொடங்கியது. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தை இருப்பிடமாகக் கொண்ட, வெப்பமண்டல நோய்களுக்கான ஆராய்ச்சி, பயிற்சித் திட்டமான டிடிஆர் அதை ஒருங்கிணைத்து விரிவாக்கியது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் இவ்வகைப் பயிற்சிகளை நடத்தியிருக்கிறது. ஒரு வகுப்பில் சுமார் பன்னிரண்டு பேர். முதல் கட்டத்தில் புரோட்டோகால் (ஆய்வைச் செய்யும் விதத்தை முன்கூட்டியே எழுதும் திட்டம்), இரண்டாம் கட்டத்தில் தரவுப் பதிவும் பகுப்பாய்வும், இடையில் சில மாதம் களப்பணி, மூன்றாம் கட்டத்தில் கட்டுரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு. தவறினால் அடுத்த கட்டத்துக்கு அழைப்பு கிடையாது. கடைசிக் கட்டம் முடிந்து நான்கு வாரத்துக்குள் கட்டுரை ஓர் ஆய்விதழுக்குப் போயாக வேண்டும்.

கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். அந்தக் கடுமைதான் இதைக் காப்பாற்றுகிறது என்பது எங்கள் கருத்து. மூன்று நாள் பட்டறை நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் ஆறு மாதம் கழித்துக் கையில் ஒரு தாளும் இருக்காது.

முதல் இரண்டு நாள் முழுக்கக் கேள்விக்கே போகும். வருகிறவர்கள் ‘எங்கள் மாவட்டத்தில் காசநோயின் நிலை’ என்பது போன்ற தலைப்போடு வருவார்கள். அது கேள்வி இல்லை. ஆய்வகப் பதிவேட்டில் சளியில் கிருமி இருப்பதாக எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சைப் பதிவேட்டில் இல்லை? இது கேள்வி. நோய் உறுதியான பிறகும் மருந்து தொடங்காமல் காணாமல்போகிறவர்கள் அவர்கள். இருமிக்கொண்டே வீட்டில் இருக்கிறார்கள். மாவட்ட அறிக்கையில் அவர்கள் தெரியவே மாட்டார்கள், ஏனென்றால் அறிக்கை சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது.

அடுத்தது மாதிரி அளவு. இப்படிக் காணாமல்போகிறவர்கள் 15 சதவீதம் இருப்பார்கள் என்று ஊகித்து, 95 சதவீத நம்பிக்கையில், இரு பக்கமும் 5 புள்ளி விலகலை ஏற்றால் 196 பேர் போதும். விலகல் 3 புள்ளிக்குள் இருக்க வேண்டுமென்றால் 545 பேர் தேவை. மாதம் 40 பேருக்குக் கிருமி உறுதியாகும் மாவட்டத்தில் முன்னது ஐந்து மாதப் பதிவு, பின்னது பதினான்கு மாதப் பதிவு. இந்தக் கணக்கை ஊழியரே காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கணினி சொன்ன எண்ணை எழுதிக்கொள்கிறவருக்கு, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ‘ஏன் 545?’ என்று கேட்கும்போது பதில் வராது.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில்தான் அதிக நாள் கரைகிறது. ஏற்கெனவே எழுதிய பதிவேட்டைப் பார்க்கும் ஆய்வுக்கு ஒவ்வொரு நோயாளியிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் குழுவின் பரிசீலனை இல்லாமல் தொடங்கக் கூடாது. தாமதத்தின் காரணங்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை: திட்ட அதிகாரியின் அனுமதிக் கடிதம் இணைக்கவில்லை, குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது, கூடிய அன்று குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி இந்தியாவில் கூட்டத்தில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும், நிறுவனத்தைச் சாராதவர் ஒருவராவது அவர்களில் இருக்க வேண்டும். வெளியாள் ஊரில் இல்லையென்றால் கூட்டமே இல்லை. ஆகவே குழுவின் கூட்டத் தேதியை முதலில் கேட்டு வாங்கி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மற்ற தேதிகளைப் போட வேண்டும். குழுவுக்கென்று முழுநேர எழுத்தர் ஒருவர் இருந்தாலே பாதித் தாமதம் போய்விடும். அவருடைய சம்பளத்துக்குப் பணம் தர எந்த நன்கொடையாளரும் விண்ணப்பம் கோருவதில்லை என்பது வருத்தமான உண்மை.

இனி தரவு. இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட உட்காரும்போதுதான் வேலையின் உண்மையான எடை தெரியும். சிகிச்சைப் பதிவேட்டில் ஆய்வக எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கிறது, பாதி இடத்தில் காலி. அப்போது பெயரை வைத்துத் தேட வேண்டும். மலாவியில் பாண்டா, ஃபிரி என்ற குடும்பப் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒரே பெயர் ஆய்வகத்தில் ஒரு விதமாகவும் மையத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். வயதை வைத்துப் பிரிக்கலாமென்றால் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று ஐந்தின் மடங்குகளாகவே குவிந்திருக்கும், நோயாளி தோராயமாகச் சொன்னதை எழுதியிருப்பார்கள். இதற்கு முன்கூட்டியே ஒரு விதி வேண்டும்: பெயர், பால், ஊர் ஆகிய மூன்றும் ஒத்து, வயது வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்வது போல. விதி புரோட்டோகாலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு பேர் இரண்டு எண்ணிக்கை தருவார்கள். பக்கத்து மாவட்டப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். காணாமல்போனதாக நாம் நினைப்பவர் தன் ஊருக்குப் போய் அங்கே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

பதிவுசெய்ய எபிடேட்டா என்ற டென்மார்க் மென்பொருள் இந்தப் பயிற்சிகளில் புழங்குகிறது. இலவசம், பழைய கணினியிலும் ஓடும், இணையம் வேண்டாம். அதன் பழைய பதிப்பில் மூன்று கோப்புகள்: கேள்விகள் உள்ளது ஒன்று, தரவு உள்ளது ஒன்று, எந்தக் கட்டத்தில் எந்த எண் வரலாம் என்ற கட்டுப்பாடு உள்ளது ஒன்று. மூன்றாவதை எழுத அரைநாள் ஆகும் என்று பலர் விட்டுவிடுவார்கள். அந்த அரைநாளை மிச்சம் பிடித்தவர் பிறகு இரண்டு வாரம் திருத்தவேண்டி வரும்.

545 பேர், ஆளுக்கு 25 தகவல் என்றால் 13,625 கட்டங்கள். நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 136 பிழை. அதனால் இரண்டு பேர் தனித்தனியே முழுவதையும் பதிய, மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டு முரண்களைப் பட்டியலிடும். ஒவ்வொரு முரணுக்கும் மூலப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஒருவரே இரண்டு முறை பதிந்தால் பயனில்லை. 1ஐ 7 என்று படித்த கண் மறுமுறையும் 7 என்றே படிக்கும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பது இன்னொரு தலைவலி. மாதத்தை எழுத்தில் எழுதச் சொன்னால் தீரும். விடுபட்ட தகவலுக்கு 9 என்று குறியீடு வைத்துவிட்டு, வயதுக்கும் அதையே போட்டால் ஒன்பது வயதுக் குழந்தைகள் எல்லாம் ‘வயது தெரியாதவர்’ ஆகிவிடுவார்கள். வயதுக்கு 999 வையுங்கள்.

எக்செல் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரிடமும் இருப்பது அதுதான். ஆய்வக எண் 0047 என்று தட்டினால் அது முன்னாலிருக்கும் சுழியங்களைத் தின்றுவிட்டு 47 என்று வைத்துக்கொள்ளும். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால் ஒருவரின் பெயர் இன்னொருவரின் சளி முடிவோடு சேர்ந்துவிடும். சேமித்து மூடிவிட்டால் மீட்க வழியில்லை. பட்டியல் பார்க்க எக்செல் போதும், ஆய்வுத் தரவை அதில் பதியாதீர்கள்.

சொற்களின் பொருள் மாறுவதையும் கவனிக்க வேண்டும். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவரை முன்பு ‘டிஃபால்டர்’ என்று எழுதினார்கள். குற்றம்சாட்டும் தொனி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதை மாற்றி, ‘தொடர்பில் இல்லாதவர்’ என்ற பொருள்படும் சொல்லைக் கொண்டுவந்தது. வேறு சில வரையறைகளும் அப்போது மாறின. 2012இலிருந்து 2015 வரை பதிவேட்டை எடுக்கிறவர், எந்த மாவட்டம் எந்த மாதத்தில் புதிய படிவத்துக்கு மாறியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால், படிவ மாற்றத்தையே நோயின் போக்காக எழுதிவிடுவார்.

கட்டுரைக் கட்டத்தில் வெற்று அட்டவணைகள் உதவும். தரவு வருமுன்பே தலைப்பும் வரிசைகளும் வைத்து எண்கள் இல்லாமல் போட்டுவிட வேண்டும். நிரப்பும்போது தேவையில்லாத கணக்கு எதுவும் போட மாட்டீர்கள். அதைவிடக் கடினம் ஆசிரியர் பட்டியல். மாதிரிகளும் தரவும் இங்கே, முதல் பெயரும் கடைசிப் பெயரும் வெளிநாட்டில் என்ற வழக்கம் நீண்ட காலம் இருந்தது. யார் முதலாசிரியர் என்பதைப் புரோட்டோகால் எழுதும் நாளிலேயே பேசி முடித்துக் கையெழுத்துப் போடுவது நல்லது. கட்டுரை முடிந்தபின் பேசினால் இளையவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பயிற்சி தொடாத இடம் பணம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் தரும் நிதியில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான மறைமுகச் செலவு நீண்டகாலமாக 8 சதவீதம் என்றே வரையறுக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல 50 சதவீதத்துக்கும் மேல் பெற்றன. அந்த 8க்குள் மின்கட்டணம், காவலாளி, கணக்கர், இணையம் எல்லாம் அடங்க வேண்டும். மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியை வாங்க நிதி கிடைக்கும். மின்தடையில் அதை ஓட்டும் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் கிடைக்காது. திட்டம் மூன்று ஆண்டில் முடியும்போது தரவு மேலாளரின் சம்பளமும் நின்றுவிடும். அவரை உருவாக்க ஆன காலம் அந்த மூன்று ஆண்டுதான். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி முகமையான யூஎஸ்எய்டை மூடியபோது, அதன் நிதியில் 1984 முதல் நடந்துவந்த டிஎச்எஸ் குடும்பநலக் கணக்கெடுப்புகளும் தடைபட்டன. குழந்தை இறப்பு விகிதத்துக்கே அதை நம்பியிருந்த நாடுகள் பல.

இதற்கு மாறான ஒரு பழைய முன்மாதிரி சென்னையில் இருக்கிறது. 1956இல் ஐசிஎம்ஆர், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்கை இல்லாமல் வீட்டிலேயே ஐசோநயாசிட், பாஸ் மருந்துகள் கொடுத்தால் போதுமா என்பது கேள்வி. போதும், குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959இல் முடிவு வந்தது. உலகமே சானடோரியங்களைக் கைவிட அது பெரிய காரணம். மருந்து சாப்பிடுகிறார்களா என்று அறிய முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர்ப் பரிசோதனை செய்த சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பு அந்த முடிவின் அடியில் இருக்கிறது. வெளிநாட்டு வல்லுநர்கள் போன பிறகும் மையம் நின்றது. பணியாளர்கள் நிரந்தர வேலையில் இருந்தார்கள். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கட்டுரை வெளியானதும் ஒரு வேலை மிச்சம் இருக்கும், பெரும்பாலும் செய்யாமல் விடப்படுவது. முடிவை உள்ளூர் மொழியில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, பதிவேட்டை எழுதிய ஆய்வக ஊழியர்களையும் மையப் பணியாளர்களையும் கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும். ‘கிருமி உறுதியான இத்தனை பேர் நம்மிடம் வந்து சேரவில்லை’ என்று எண் சொல்லப்படும் அந்த அறையில்தான், முகவரிப் பத்தியில் கைப்பேசி எண்ணும் எழுதலாமா, வாரம் ஒருமுறை இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்ற பேச்சு எழும். அதற்கு ஒரு மதியமும் தேநீர்ச் செலவும் போதும். புரோட்டோகாலின் வரவுசெலவில் முதல் நாளே அதற்கு ஒரு வரி போட்டுவிடுங்கள்.