கமரா இல்லாத ஊரில் அணுமருத்துவ ஆய்வாளருக்கு என்ன வேலை?

அணுமருத்துவ ஆய்வில் காலம் முழுக்க இருந்துவிட்டு ஓய்வுபெற்றவர் ஒருவர் மல்லாவிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ வந்து குடியேறினால், உடலுக்குள் ஏற்றிய கதிர்மருந்தைப் படமாக்கும் காமா கமரா இல்லாத இடத்தில் இவருக்கு என்ன வேலை என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை நிறைய இருக்கிறது. அளவுகளும் நேரங்களும் கையேட்டில் கிடைக்கும். வேலை பிழையாகிப்போனால் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது பழகிய ஆளிடம்தான் கிடைக்கும்.

எலும்பு ஸ்கேனையே எடுங்கள். கதிர்மருந்து தரும் ஜெனரேட்டர் எனும் கருவிக்குள் அலுமினா நிரப்பிய குழாயில் மொலிப்டினம்-99 ஒட்டியிருக்கும். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 66 மணித்தியாலம். அது சிதைந்து வரும் டெக்னீசியம்-99எம்மை உப்புநீர் விட்டுக் கழுவி எடுப்பார்கள். இதன் அரை ஆயுள் 6 மணித்தியாலம் மட்டுமே. எடுத்ததை, எலும்பில் போய் ஒட்டும் எம்.டி.பி. மருந்துக் குப்பிக்குள் விடும்போது, அங்குள்ள வெள்ளீய உப்புத்தான் டெக்னீசியத்தைத் தாழ்த்தி மருந்தோடு சேர்க்கிறது. ஊசியோடு கொஞ்சம் காற்றுப் போனாலும் வெள்ளீயம் ஒட்சியேறிவிடும். சேராமல் மிஞ்சியது தைரொயிட்டிலும் இரைப்பையிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் போய் நிற்கும். படத்தில் எலும்போடு இரைப்பையும் தெரிந்தால், கமராவைக் குறைசொல்ல முன் குப்பியைப் பாருங்கள். ஈரல் தெரிந்தால் குழாயிலிருந்து அலுமினியம் கசிந்ததா என்று சோதியுங்கள்.

குப்பியைக் கையாளும் இந்தக் கைவேலையைப் பழக்குவதற்குக் கதிரியக்கம் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ ஒரு மேசை போதும். ஈயக் கவசத்துக்குப் பதில் தகரப் பேணி, மருந்துக்குப் பதில் சாயம் கலந்த உப்புநீர். மூடிய குப்பிக்குள் 5 மி.லீ. விட்டால், ஊசியை வெளியே எடுக்க முன் அதே 5 மி.லீ. வாயுவை உள்ளிழுக்க வேண்டும். மறந்தால் அழுத்தம் கூடி, ஊசித் துளையால் துளி தெறிக்கும். சாயமென்றால் மேசைத் துணியோடு போகும், உண்மை மருந்தென்றால் கையுறையும் தரையும் மாசு. மணிக்கூட்டை வைத்துச் செய்விக்க வேண்டும். கை வேகமானால் உடலுக்குப் படும் கதிரும் குறையும். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் கொடுக்கலாம்: மதியம் 12 மணிக்கு 800 மெகாபெக்கரல் (கதிரியக்க அளவு) டெக்னீசியம் தேவை, காலை 6 மணிக்கு எவ்வளவு அளந்து வைக்க வேண்டும்? 1600.

உண்மையான கதிர்மூலத்தைத் தொடுவது வேறு விடயம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுபவம் அதற்கு ஈடாகாது.

என் கணிப்பில் இதைவிடப் பெரிய வேலை நோயாளிகளோடுதான். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்தான அயடீன்-131 எடுக்க மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், போக முன் ஒன்றிரண்டு கிழமை அயடீன் குறைந்த சாப்பாடு சாப்பிட வேண்டும். உடலில் சாதாரண அயடீன் நிறைந்திருந்தால் மருந்து கலங்களுக்குள் ஏறாது. எங்கள் கடைகளில் விற்கும் உப்பு அயடீன் சேர்த்தது. முல்லைத்தீவுக் கடல்மீன், கருவாடு, இறால், நண்டு எல்லாம் விலக்கு. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்து மீனைப் பல வழிகாட்டிகள் அளவோடு அனுமதிக்கின்றன. “உப்பைக் குறையுங்கோ அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டால், அவர் கறியில் உப்பைக் குறைத்துவிட்டுக் கருவாட்டைப் பொரித்துச் சாப்பிடுவார். எதைச் சமைக்கலாம் என்பதைக் குசினியில் நின்று சொல்ல வேண்டும். கடந்த இரண்டு மாதத்துக்குள் நிறமூட்டும் ஊசி போட்டு சி.ரி. ஸ்கேன் எடுத்தாரா என்றும் கேளுங்கள். அந்த ஊசியிலும் அயடீன் நிறைய உண்டு. பாலூட்டும் தாய் ஆறு கிழமைக்கு முன்பே பாலை நிறுத்த வேண்டும்.

திரும்பி வரும் பயணத்தையும் போக முன்பே பேசிவிடுங்கள். அயடீன்-131இன் அரை ஆயுள் 8 நாள்; ஊர் திரும்பும்போதும் உடலிலிருந்து கதிர் வந்துகொண்டிருக்கும். ஏ9 வீதியில் இரவு முழுக்கப் பஸ்ஸில், பக்கத்து ஆசனத்தில் கர்ப்பிணியோ குழந்தையோ இருக்கக்கூடும். தான் எவ்வளவு தூரம், எதில் போகப்போகிறார் என்பதை நோயாளி வாட்டிலேயே சொல்லவேண்டும்; எப்போது வெளியே விடுவது என்று வாட்டில் உள்ளவர்கள் தீர்மானிக்க அந்த விவரம் தேவை.