போர் விமான டேங்கிலிருந்து ஒரு ரேஸ் கார்: 1:25 மாடல், இதுவரை

பாடியின் இரண்டு பாதிகளும் தயார். சேசிஸ் உள்ளே சரியாக உட்கார்ந்துவிட்டது. பெயின்ட் வேலையில் இறங்குவதற்கு முன் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

நான் செய்துகொண்டிருப்பது ஒரு ‘பெல்லி டேங்க்’ கார். இரண்டாம் உலகப் போரில் வெகுதூரம் பறக்க வேண்டிய போர் விமானங்கள் கூடுதல் எரிபொருளை வெளியே ஒரு டேங்கில் தொங்கவிட்டுக்கொண்டு போகும். தீர்ந்ததும் டேங்கைக் கழற்றிவிட்டுவிடுவார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் நீர்த்துளி போன்ற வடிவம். போர் முடிந்ததும் மிஞ்சியவை உபரிச் சாமான்களாக மலிவு விலைக்கு வந்தன. பி-38 லைட்னிங் விமானத்தைக் கட்டிய லாக்ஹீட் ஆலை பர்பேங்கில் இருந்தது, பி-51 மஸ்டாங்கைக் கட்டிய நார்த் அமெரிக்கன் ஆலை இங்கிள்வுட்டில். இரண்டும் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஊர்கள். அந்தப் பக்கத்து இளைஞர்கள்தான் போருக்கு முன்பிருந்தே மொஜாவி பாலைவனத்தில் வறண்டு கிடக்கும் ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களை விரட்டி வேகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1937-இல் இதற்கென்று ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் பில் பர்க். போரின்போது பசிபிக்கில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் இருந்தவர். அங்கே இந்த டேங்குகளைப் பார்த்ததும் கார் பாடி என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1946-இல் 165 கேலன் மஸ்டாங் டேங்கை வைத்து முதல் காரைக் கட்டினார். மணிக்கு 131 மைல் ஓடியது. அதில் என்ஜின் முன்னால், ஓட்டுபவர் பின்னால். அடுத்து, பெரிய பி-38 டேங்குக்கு மாறினார். அதில் ஆள் முன்னால், என்ஜின் பின்னால். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை. 1952-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் போன்வில் உப்புவெளியில், ரேஸ் கார் பாகங்கள் விற்ற அலெக்ஸ் ஸைடியஸின் சோ-கால் ஸ்பீடு ஷாப் கடையின் கார் மணிக்கு 198 மைலைத் தொட்டதும் இதே அமைப்பில்தான். நான் எந்தக் காரையும் அப்படியே நகல் எடுக்கவில்லை. 1949 வாக்கில் யாரோ ஒரு பையன் வீட்டு ஷெட்டில் கட்டியிருக்கக்கூடிய ஒன்றைத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி அளவு. நம்பும்படியான வரைபடம் கையில் இல்லை, பழைய புகைப்படங்கள்தான் இருந்தன. பக்கவாட்டுப் படங்களில் அளந்தால் டேங்கின் நீளம் குறுக்களவைப் போல ஐந்து மடங்குக்குப் பக்கம் வருகிறது. விகிதம் கிடைத்துவிட்டது, ஆனால் உண்மையான அளவு வேண்டுமே. அதைக் கொள்ளளவு சொல்லிவிடும் என்று பிறகுதான் தோன்றியது. பெரிய டேங்க் 300 கேலனுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். 310 என்று வைத்தால் சுமார் 1,173 லிட்டர். மாடலில் நீளம், அகலம், உயரம் மூன்றுமே 25-இல் ஒரு பங்கு, எனவே அதை 25 × 25 × 25, அதாவது 15,625-ஆல் வகுத்தால் 75 மில்லி. அதாவது என் டேங்கில் தண்ணீர் ஊற்றினால் 75 மில்லி பிடிக்க வேண்டும். விகிதத்தையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் குறுக்களவு 3 சென்டிமீட்டர், நீளம் 15-க்குச் சற்று மேல் என்று வந்தது. 165 கேலன் டேங்குக்கும் இதே கணக்கைப் போட்டால் 40 மில்லி, குறுக்களவு இரண்டரை சென்டிமீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பர்க் ஏன் டேங்கை மாற்றினார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. மாடல் கிட்டிலிருந்து எடுத்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி-8 என்ஜின் கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் அகலம். சின்ன டேங்கில் அதை வைத்தாலே இடம் முடிந்தது, ஆளைச் சிரமப்பட்டுத்தான் பின்னால் ஒடுக்க வேண்டும். பெரிய டேங்கில் என்ஜினின் இரு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கிறது, முன்னால் ஒருவர் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். கார் எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில் பாதி அந்த டேங்க்தான்.

வேலைக்கு வருவோம். பாடிக்கு மஞ்சக்கடம்புக் கட்டை. சொப்புச் சாமான் கடையும் மரம், நார் தெறிக்காது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே செய்தித்தாளை வைத்து ஃபெவிகாலால் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அட்டையில் வெட்டிய அச்சைக் கொடுத்ததும் பட்டறைக்காரர், “மூக்கு எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார். மழுங்கிய பக்கம்தான் மூக்கு, கூரானது வால் என்றேன். அழகாகக் கடைந்து கொடுத்தார். ஒட்டில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் காகிதத்தோடு இரண்டாகப் பிரிந்துவிடும். நிஜக் கார்களிலும் டேங்கை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, கீழ்ப் பாதிக்குள் சேசிஸை வைத்து, மேல் பாதியை மூடியாகப் போட்டார்கள்.

பிறகு வேக்யூம் ஃபார்மிங். ஒரு மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் ஷீட்டைச் சட்டத்தில் மாட்டி ஓவனில் சூடாக்கி, அது தொய்ந்து பளபளக்கும்போது கட்டையின் மேல் இறக்கி, கீழேயிருந்து வேக்யூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். ஷீட் கட்டையில் ஒட்டிக்கொள்ளும் அந்த நொடி பார்க்கவே ஆனந்தம். ஓரத்தில் தட்டையாக நிற்கும் பிளாஸ்டிக்கை முழுக்க வெட்டாமல் ஒரு மெல்லிய விளிம்பு விட்டேன். இரண்டு பாதிகளும் சேரும் கோடு அதனால் அச்சு அசலாக வந்திருக்கிறது. அப்புறம் சிரிஞ்சால் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். இரண்டு பாதியும் சேர்ந்து 77 மில்லி. இந்த முறைக்கு இவ்வளவு நெருக்கமே பெரிது என்பேன்.

சேசிஸ் பித்தளைக் குழாய், சால்டரிங் வேலை. இந்தக் கார்களை ‘லேக்ஸ்டர்’ என்று சொல்ல வேண்டுமானால் நான்கு சக்கரங்களும் வெளியே தெரிய வேண்டும், எனவே சக்கர அச்சுகள் பாடியைத் துளைத்து வெளியே வருகின்றன. மூக்கில் ரேடியேட்டருக்கு ஓட்டை போடவில்லை. சில மைல் ஓட்டத்துக்கு உள்ளேயே ஒரு தண்ணீர்த் தொட்டி போதும் என்று விட்டுவிடுவார்கள், மூக்கும் வழவழப்பாக இருக்கும். சீட்டை ஒரு விமான மாடலின் மிச்சத்திலிருந்து எடுத்தேன். அந்தக் காலத்தில் உபரிக் கடையில் விமானி சீட்டையும் இடுப்பு பெல்ட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர், அதனால் இதுதான் முறை.

பாக்கி இருப்பது எக்ஸாஸ்ட் குழாய்கள், சின்ன விண்ட்ஷீல்டு, பெயின்ட். மூக்கிலிருந்து சீட் வரை ஒரே நிறம் அடித்து, பின்பாதியை வெறும் உலோக நிறத்தில் விடுவதாக இருக்கிறேன். விளிம்புக் கோட்டில் பெயின்ட் தேங்காமல் இருக்க மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்க வேண்டும். 40 மில்லிக்கான கட்டையையும் பட்டறைக்காரர் அன்றே கடைந்து கொடுத்துவிட்டார். இது முடிந்ததும் என்ஜின் முன்னால் இருக்கும் அந்த முதல் கார்தான்.